பூஜைக்கு வைத்த வில்

என் வில்லை ஒடித்தது நீங்கள்தான், செயலாளர் சார். முதலில் மழையின் மேல் பழி போட்டீர்கள். பிறகு என் கைவேலையின் மேல் போட்டீர்கள். இரண்டும் பொய் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை நடத்துகிறவள். கடை என் மாமனார் ஆரம்பித்தது. அவர்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்தது. கீல், தாழ்ப்பாள், ஆணி, திருகு, பசை, உப்புத்தாள் என்று காலையிலிருந்து விளக்கு வைக்கிற நேரம்வரை நிற்பது நான். கடைப் பலகையில் மாமனார் பெயர். பில்லில் வீட்டுக்காரர் பெயர். இதில் எனக்குப் பெரிய மனக்குறை ஒன்றும் கிடையாது, கடை என்றால் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வித்துரா போகிற வழியில் எங்கள் வில்வித்தை சங்கத்தின் மைதானத்துக்குப் போவேன். அங்கே என் கையில் இருக்கிற வில் நான் செய்தது. இதை யார் செய்தது என்று யாராவது கேட்டால், நான் என்று சொல்ல என்னிடம் இருக்கிற ஒரே சாமான் அது. சண்டை அதைப் பற்றியது.

நாற்பது வயதைத் தாண்டித்தான் வில் பிடித்தேன். என்னைக் கூட்டிக்கொண்டு போனவள் என் தோழி, பல் டாக்டர். கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்தவள், இன்னும் அங்கேயே இருக்கிறாள். நாள் முழுக்க ஒரு ஜாண் தூரத்தில் அடுத்தவர் வாயையே பார்த்து அலுத்துவிட்டது, கொஞ்சம் தள்ளி இருக்கிற எதையாவது பார்க்க வேண்டும் என்று அவள் சங்கத்தில் சேர்ந்தாள். துணைக்கு என்னை இழுத்தாள். அவள் கம்பெனி வில் வாங்கினாள். எனக்குச் சங்கத்தில் இருந்த எந்த வில்லும் சரிப்படவில்லை. ஒன்று என்னைவிட உயரம், இன்னொன்றை இழுத்தால் அது என்னை இழுத்தது. அதனால் நானே செய்தேன்.

முதலில் செய்தது ஒடிந்தது. இரண்டாவதும் ஒடிந்தது. இரண்டும் என் தவறு. ஒன்றில் ஒரே இடத்தில் அதிகமாகச் சீவிவிட்டேன். இன்னொன்றில் சரியாகக் காயாத மரத்தை எடுத்துவிட்டேன். எறிய மனம் வராமல் ஒடிந்த இரண்டு வில்லையும் பரண்மேல் போட்டு வைத்திருந்தேன்.

மூன்றாவது நின்றது. கல்லாற்றுப் பக்கம் ஒரு வீட்டுத் தோட்டத்தில் காற்றில் சாய்ந்த கமுகு மரத்திலிருந்து ஒரு நீளத் துண்டு கேட்டு வாங்கி, வருஷம் முழுக்க வீட்டில் காயவைத்து, அதன்மேல் மூங்கில் பட்டையை ஒட்டிச் செய்தது. அந்த வில்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. வில்லுக்கு நடுவில் பிடி. பிடிக்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை. குறியைப் பார்த்திருக்கிற பக்கத்தை முதுகு என்போம், எய்கிறவரைப் பார்த்திருக்கிற பக்கத்தை வயிறு என்போம். இழுக்கும்போது முதுகு இழுபடும், வயிறு நசுங்கும். மூங்கில் இழுத்தால் தாங்கும், அதனால் முதுகில் மூங்கில். கமுகு நசுக்கினால் தாங்கும், அதனால் வயிற்றில் கமுகு. நாண் ஏற்றாமல் சும்மா கிடக்கும்போது என் வில்லின் இரண்டு நுனியும் முன்பக்கம், அதாவது முதுகுப் பக்கம், லேசாக வளைந்திருக்கும். அம்புக்கு வேகம் கிடைக்க வேண்டும் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்தேன். நாண் ஏற்றுகிறவர் அந்த வளைவுக்கு எதிராக வளைக்க வேண்டும். தெரியாதவர் பார்த்தால் வில் எந்தப் பக்கம் வளைந்து கிடக்கிறதோ அந்தப் பக்கம்தான் நாண் என்று நினைப்பார். எட்டு வயதுப் பிள்ளைக்குப் படம் வரையக் கொடுத்தால் அப்படித்தான் வரையும்.

இனி பூஜை. இந்த ஊரில் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகமும் ஆயுதமும் வைத்தால், விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம், படிக்க வேண்டாம். எங்கள் கடையில் தராசும் ஸ்பானரும் பட்டுத்துணிக்கு அடியில் போகும். சங்கத்திலும் அப்படித்தான். அஷ்டமி சாயங்காலம் ஆளுக்கு ஒரு சாதனம் கொண்டுபோய்க் கொட்டகையில் பகவதி படத்துக்கு முன்னால் வைப்போம். விளக்கு ஏற்றியபிறகு கை வைக்கக் கூடாது. நான் என் வில்லை நாண் இறக்கி, நாணைப் பிடியில் சுற்றி, என் வழக்கப்படி ஒரு சுருக்குப் போட்டு வைத்தேன். செயலாளர் விளக்கு ஏற்றினார், வருஷா வருஷம் விளக்கும் அலங்காரமும் அவர் பொறுப்பு. கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். நவமி அன்று கடை பூஜையை விட்டு என்னால் நகர முடியவில்லை.

விஜயதசமி காலையில் போனேன். புதிதாகச் சேர்ந்த குழந்தைகள் முதல் அம்பு விடுகிற நாள், மைதானம் நிறையக் கூட்டம். என் வில் பட்டுத்துணியின்மேல் படுத்திருந்தது. நாண் பிடியில் சுற்றியிருந்தது. எடுத்துக் கையை ஓட்டினேன். வில்லின் மேல்கையில், வயிற்றுப் பக்கத்தில், கட்டைவிரலில் எதுவோ குத்தியது. ஒரு சிராய் எழும்பியிருந்தது. நகத்தை விட்டுப் பார்த்தேன், நகம் உள்ளே போனது.

நான் சத்தம் போட்டேன். மெதுவாகப் பேச எனக்கு வராது. செயலாளர் வந்தார். இந்த இடத்தில் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், பாறசாலைப் பக்கத்துத் தமிழர். மைதானத்துக்கு நிலம் வாங்கித் தந்தது அவர் அலைச்சல். கொட்டகை போட்டது அவர் அலைச்சல். ஒரு அலுவலகத்தில் இவர் நான்கு மணிநேரம் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார், எங்களில் ஒருவருக்கும் அது முடியாது. இதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் அவர் ஒரு அம்பு விட்டு யாரும் பார்த்ததில்லை. அவர் மகன்தான் எய்கிறவன், அவனும் இப்போது வெளிநாட்டில்.

வில்லைத் தூரத்திலிருந்தே பார்த்தார். துலாம் மழைக்கு, அதாவது ஐப்பசி மழைக்கு, எல்லாம் ஊறிப்போகும், வீட்டில் செய்கிற சாதனம் அப்படித்தான் என்றார். யாராவது தொட்டார்களா என்று கேட்டேன். கேட்டது தப்பாகிவிட்டது. சுற்றி நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"பூஜையில இருந்த சாதனத்த ஆரு தொடும் சேச்சி? பகவதிக்க முன்னால இருந்தது" என்றார்.

தொட்டிருக்கக் கூடாது, ஆகையால் தொடவில்லை. அவ்வளவுதான் கணக்கு.

மத்தியானம் நான் வீடு வந்து சேருவதற்குள் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் அவர் எழுதிவிட்டார். ஒரு உறுப்பினர் வீட்டில் செய்த வில், கைவேலைக் குறையால் தானாகவே பிளந்துவிட்டது, பகவதி அருளால் யாருக்கும் அடிபடவில்லை, இனிமேல் வீட்டில் செய்த வில்லுக்கு மைதானத்தில் அனுமதி கிடையாது, அந்த உறுப்பினர் மனம் நோகக் கூடாது. கீழே கும்பிட்ட கைப் படங்கள் வரிசையாக விழுந்தன. எல்லாரும் கும்பிட்டார்கள். நான் எதைக் கும்பிடுவது?

அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் நிற்கத் தோன்றியது, நின்றால் நடக்கத் தோன்றியது. கடையில் ஒருவர் கீல் கேட்டால் தாழ்ப்பாளை எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்காரர் இரண்டு நாள் பொறுத்தார்.

"ஏட்டி, ஆணி வாங்க வந்தவன்கிட்ட வில்லு கதையச் சொல்லுத. அவன் ஆணிய மறந்துட்டுப் போறான். இப்படியே போனா பூட்டு விக்க வேண்டாம், கடைக்குப் போட்டாப் போதும்" என்றார்.

வில்லை ஒட்டுவது என்று முடிவு செய்தேன். சமையல்மேடையில் ஒரு பக்கத்தை ஒழித்தேன். பல் டாக்டரைக் கூப்பிட்டு ஊசி கொண்டுவரச் சொன்னேன், மருந்தில்லாத வெறும் ஊசி. பிளவுக்குள் பசை போக வேண்டும், என்னிடம் இருக்கிற எந்தக் குச்சியும் அவ்வளவு உள்ளே போகாது. அவள் வந்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, பிளவை விளக்கு வைத்துப் பார்த்தாள்.

"இது பல்லாயிருந்தா புடுங்கிப் போட்டுடலாம்னு சொல்லிடுவேன். உங்கிட்ட அதைச் சொன்னா என் பல்லைப் புடுங்கிடுவே" என்றாள்.

பசை எங்கள் கடையில் விற்கிறதுதான். இரண்டு குழாயிலிருந்து சமமாகப் பிதுக்கிக் கலக்க வேண்டும். மழைக் குளிரில் அது தேன் மாதிரிக் கெட்டியாக இருந்தது. கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து இளக்கி, ஊசியில் இழுத்து, சிராயை மெல்லத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே செலுத்தினேன். மறுபக்கம் பசை கசிந்து வந்தது. பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்து, இழுத்து இழுத்துச் சுற்றினேன். டியூபைவிட நல்ல கிளாம்ப் கிடையாது, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அமுக்கும்.

பிறகு காத்திருக்க வேண்டும். இந்தப் பசையை வாங்குகிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்வது, ஒரு முழு நாள் தொடாதீர்கள், மழைக்காலம் என்றால் இரண்டு நாள். சொல்வது சுலபம். நான் கடையிலிருந்து சாப்பிட வருகிற சாக்கில் வந்து டியூபை அமுக்கிப் பார்த்தேன். கரண்டு பில் கட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து மோந்து பார்த்தேன். மழை நின்றபாடில்லை. தினம் மத்தியானம் இடி, சாயங்காலம் மழை, சுவரெல்லாம் வேர்த்தது. அந்த நேரத்தில் குழுவில் யாரோ கம்பெனி வில்களின் விலைப் படம் போட்டிருந்தார்கள், எனக்கு உதவியாக. அதைப் பார்த்ததும் டியூபை அவிழ்த்துவிட்டேன். வில்லை முழங்காலில் வைத்து லேசாக வளைத்தேன். சடக்கென்று ஒரு சத்தம். பிளவு வாயைத் திறந்துகொண்டது, முன்னைவிடப் பெரிதாக.

அறிவில்லாத வேலை. ஆனால் அதனால்தான் உண்மை தெரிந்தது.

பாதி காய்ந்த பசையைச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. அதற்காகப் பிளவை நன்றாக விரித்து, சன்னல் வெளிச்சத்தில் வைத்து, பூதக்கண்ணாடி பிடித்தேன். உள்ளே நார்கள் தெரிந்தன. நுனி நுனியாக நின்றன, கயிறு அறுந்தால் நிற்குமே அந்த மாதிரி. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏதோ சரியில்லை என்று தோன்றியது, என்ன என்று பிடிபடவில்லை. ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறி என் பழைய வில்கள் இரண்டையும் இறக்கினேன். தூசியைத் துடைத்து மூன்றையும் வரிசையாக வைத்தேன்.

பழையவை இரண்டிலும் வயிற்றுப் பக்கம் நசுங்கியிருந்தது. நார்கள் ஒன்றின்மேல் ஒன்று மடிந்து, குறுக்கே சின்னச் சின்னச் சுருக்கம், சேலையை அழுத்தி மடித்து வைத்த மாதிரி. என் தவறால் ஒடிகிற வில் அப்படித்தான் ஒடியும், ஏனென்றால் இழுக்கும்போது வயிறு நசுங்குகிறது. அதிகமாகச் சீவினாலும் ஈரமாக இருந்தாலும் அது நசுங்கித்தான் போகும். மூன்றாவதில் ஒரு சுருக்கம்கூட இல்லை. நார்கள் இழுபட்டு அறுந்திருந்தன. என் வில்லின் வயிறு எப்படி இழுபடும்? ஒரே வழிதான் இருக்கிறது. வில்லைத் தலைகீழாக வளைத்திருக்க வேண்டும். முதுகை வயிறு என்று நினைத்து நாண் ஏற்றி, அத்தோடு விடாமல் இழுத்தும் பார்த்திருக்க வேண்டும்.

நுனிகளைப் பார்த்தேன். நாண் உட்கார நான் வெட்டியிருக்கிற பள்ளம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், சரியாக ஏற்றினால்தான் நாண் அதில் உட்காரும். பள்ளத்துக்கு வெளியே இரண்டு நுனியிலும் புதிதாகக் கயிறு கடித்த தடம் இருந்தது. அப்போதுதான் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. விஜயதசமி அன்று நாணை அவிழ்த்தபோது பார்சலுக்குப் போடுகிற பூ முடிச்சு போட்டிருந்தது. நான் போட்டது சுருக்கு. கோபத்தில் அன்று அதைக் கவனிக்கவில்லை.

மழை தானாக வில்லுக்கு நாண் ஏற்றாது. பூ முடிச்சும் போடாது.

அந்தக் கையோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போனேன். ஒருவர் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். அவரை அனுப்பும்வரை வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். வில்லைக் காட்டி எல்லாம் சொன்னேன். அவள் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள்.

"நவமி அன்னிக்குக் கார்த்தால தீபாராதனைக்குப் போயிருந்தேன்டி. ஒன்னோடது நின்னுண்டிருந்தது. நாண் ஏத்தி, மாலை போட்டு. பாதிக்குமேல பூவுதான் தெரிஞ்சது. படத்துல இருக்கற வில்லு மாதிரி அழகா இருக்கேன்னு நெனச்சேன்."

"ஏத்துனது யாரு?"

"பாக்கலை. சத்தியமாப் பாக்கலை."

"அலங்காரம் பண்ணுனது யாரு?"

"அது ஒனக்கே தெரியும். பூஜையில கை வெச்சார்னு என் வாயால சொல்லமாட்டேன், கேட்டியோ. நான் கமிட்டியில இருக்கேன். அவர் ஆத்து மனுஷாள் எல்லாரும் எங்கிட்டதான் பல்லு பாத்துக்கறா."

நவமி அன்று அங்கே இவள் ஒருத்தி மட்டுமா நின்றாள்? கும்பிட்டவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அத்தனை பேரும் பிறகு குழுவிலும் கும்பிட்டார்கள். அவளிடம் அன்று ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். சொல்லியிருந்தால் நட்பு போயிருக்கும். அவள் என்னைத் தடுக்கவும் இல்லை, ஒரு ஊசி போதுமா என்று கேட்டு இன்னும் இரண்டு கொடுத்தனுப்பினாள். அதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இரண்டாம் தடவை ஒழுங்காகச் செய்தேன். பழைய பசையைத் துளி விடாமல் சுரண்டினேன். வில்லின் மேல்கையை வேட்டித் துணியில் சுற்றி, அரிசிப் பானைக்குள் செருகி ஈரம் போகவைத்தேன். வீட்டுக்காரர் இன்றைக்கு என்ன, வில்லுச் சோறா என்று கேட்டார். ஊசியால் பசை ஏற்றி, டியூப் சுற்றி, வில்லை அவரிடம் கொடுத்து, பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளச் சொன்னேன். கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்றேன். கேட்டேன். கொடுக்கவில்லை. கத்தினேன். அப்போதும் கொடுக்கவில்லை. அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்தது அதுதான்.

அவரே திறந்து கொடுத்தபோது பசை கல்லாக இருந்தது. வழிந்து நின்றதைச் சீவி, உப்புத்தாள் போட்டு, பிளவு இருந்த இடம் முழுக்க நைலான் நூலை நெருக்கமாகச் சுற்றி, அதற்குமேல் ஒரு பூச்சு. சன்னல் கம்பியில் பிடியைக் கட்டி, நாணில் கயிறு போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். வீட்டுக்காரர் தள்ளி நின்று இரண்டு கையும் ஒரே மாதிரி வளைகிறதா என்று பார்த்தார். மேல்கை கொஞ்சம் விறைப்பு என்றார். நூல் சுற்றியதால் அப்படி. மற்ற இடத்தில் லேசாகச் சீவினேன். மறுபடி இழுத்தோம். சத்தம் ஒன்றும் வரவில்லை. முழு நீளத்துக்கு இழுத்து நிறுத்தினேன். வில் தாங்கியது.

இனி செயலாளரைப் பார்ப்பதுதான் பாக்கி. அவர் எல்லா வாரநாளும் மத்தியானம் மைதானத்தில் இருப்பார். கொட்டகைத் தகரம் ஒழுகுகிற இடத்துக்கு அடியில் வாளி வைத்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. நான் போய்ச் சேர்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தின்மேல் மழை விழுகிற இடத்தில் சண்டை போட முடியாது, ஒன்றும் கேட்காது. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து மழை குறையக் காத்திருந்தோம். வாளி நிரம்பியபோது நான் எழுந்து கொட்டிவிட்டு வந்தேன்.

மழை தணிந்ததும் வில்லைப் பையிலிருந்து எடுத்தேன். அடடா, நல்லா ஒட்டியிருக்கீங்களே என்றார். தோள் வலிக்கிறது, கொஞ்சம் நாண் ஏற்றிக் கொடுங்கள் சார் என்றேன். தோள் வலி பொய். அது என் பொய், நான் ஒத்துக்கொள்கிறேன்.

"அதுக்கென்ன சேச்சி, தாருங்க" என்று கை நீட்டினார். யார் என்ன கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர். வில் எந்தப் பக்கம் வளைந்து கிடந்ததோ அந்தப் பக்கமாகவே பிடித்தார். கீழ்நுனியைச் செருப்போரம் ஊன்றினார். மேல்நுனியை அமுக்கத் தொடங்கினார். கை தடுமாறவில்லை, ஏற்கெனவே செய்து பழகிய கை. நான் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன்.

"எதுக்குப் பிடிக்கீங்க?"

"இன்னொரு தடவை ஒட்ட எங்கிட்டத் தெம்பு இல்லை சார். அது முதுகு."

அவர் வில்லைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். நான் வில்லை வாங்கிச் சரியான பக்கம் நாண் ஏற்றி அவர் மடியில் வைத்தேன். அதை அவர் தொடவில்லை.

"மத்ததெல்லாம் நின்னுது. இது மட்டும் கம்பு மாதிரிக் கிடந்தது. பகவதிக்க முன்னால ஒரு சந்தம், ஒரு அழகு வேண்டாமா? அதான் ஏத்தி நிறுத்துனேன்."

"இழுத்தீங்களா?"

"ஒரே ஒரு போட்டோக்கு. லேசா."

"சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுது."

இவ்வளவுதான் நான் தேடியது. சத்தம் கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகுதான் மாலை போட்டிருக்கிறார், பூஜை எடுக்கும் முன்பு நாணை இறக்கியிருக்கிறார், முடிச்சுப் போட்டிருக்கிறார், அதே விரலால் கைவேலைக் குறை என்று எழுதியிருக்கிறார். தெரியாமல் தலைகீழாக ஏற்றியதற்கு நான் என்ன கோபப்படுவது? அது யாருக்கும் நடக்கும். கேட்டிருந்தால் நானே சொல்லிக் கொடுத்திருப்பேன்.

பிறகு அவர் நிறையப் பேசினார். என் வில்லுக்கு மட்டும் கமிட்டியில் தனியாக அனுமதி வாங்கித் தருவாராம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே நான் வரலாமாம். குழுவில் எழுதியது எழுதியதாகவே இருக்கட்டுமாம், நாள் போனால் எல்லாரும் மறந்துவிடுவார்களாம். குறை உள்ளது என்று எழுதிய அதே வில்லுக்கு எப்படி அனுமதி கொடுப்பீர்கள் என்று கேட்டேன். அது தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கடைசியில் குரல் தாழ்ந்தது.

"பூஜையில கை வச்சேன்னு வெளிய வந்தா, அடுத்த வருஷம் அந்த விளக்க எனக்கு ஏத்த முடியுமா சேச்சி? நீங்களே சொல்லுங்க."

அவர் பயம் பொய் இல்லை. அவருக்கு ஒரு விளக்கு இருக்கிறது. எனக்கு ஒரு வில் இருக்கிறது. அவர் விளக்கை அவர் வைத்துக்கொள்ள என் வில்லைக் குறையுள்ளது என்று நான் ஒத்துக்கொள்ள வேண்டும். என்னை மட்டும் பின்வாசல் வழியாக உள்ளே விடுவார்கள், வீட்டில் வில் செய்கிற இன்னும் இரண்டு மூன்று பேர் வெளியே நிற்பார்கள். நான் மைதானத்தில் எய்கிற ஒவ்வொரு அம்புக்கும், பாவம், குறையுள்ள வில், இரக்கப்பட்டு விட்டிருக்கிறோம் என்று பார்ப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஈரத்தோடு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு பண்டிகை போய்விட்டது. குழுவில் அவர் தினமும் குட்மார்னிங் போடுகிறார். சாமி படம் போடுகிறார். அந்தப் பழைய செய்தி மேலே எங்கோ போய்விட்டது, ஆனால் அழியவில்லை. நான் மைதானத்துக்குப் போகவில்லை. காலையில் கடைக்குக் கிளம்பும்முன் வில்லுக்கு நாண் ஏற்றுகிறேன், இழுத்துப் பார்க்கிறேன், மெதுவாகத் திரும்ப விடுகிறேன், நாண் இறக்கிச் சுருக்குப் போடுகிறேன். அம்பு விட இடமில்லை. கண்ணுக்கு முன்னால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. சில நாள் அதையே குறிபார்த்துக்கொண்டு நிற்கிறேன். வீட்டுக்காரர் வந்து, தொட்டி பாவம்ட்டி என்கிறார்.

இதை எழுத வேண்டாம் என்று பல் டாக்டர் சொன்னாள். எழுதாதே, பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றாள். பேசித்தான் பார்த்தேன். கொட்டகையில், மழையில், இரண்டே பேர் இருக்கும்போது அவர் உண்மையைச் சொன்னார். இரண்டே பேர் இருக்கும்போது சொல்கிற உண்மையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பொய்யை எல்லாருக்கும் அனுப்பினார், உண்மையை எனக்கு மட்டும் கொடுத்தார்.

அடுத்து சங்கத்தின் பொதுக்குழு வருகிறது, செயலாளர் சார். நான் வருவேன். மூன்று வில்லையும் கொண்டுவருவேன், பரணில் கிடந்த இரண்டையும் சேர்த்து. எய்யத் தெரிந்தவர்கள் யார் வேண்டுமானாலும் கையில் எடுத்து எது நசுங்கியது, எது அறுந்தது என்று பார்க்கட்டும். நவமி அன்று கும்பிட்டவர்களும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். பகவதி படமும் அங்கேதான் இருக்கும். நீங்கள் என் முகத்தைப் பார்க்க வேண்டாம், அவர்களைப் பார்த்துப் பேசுங்கள். எழுந்து நின்று, மைக்கைக் கையில் வாங்கி, எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள்: விளக்கு ஏற்றியபிறகு அந்த வில்லுக்கு நாண் ஏற்றியது யார்?